பில் 920, தண்ணீர் 270: கடைமடையிலிருந்து ஒரு திறந்த மடல்

எங்கள் வட்டாரக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கும், அதற்கு நிதி ஒதுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும்,

ஐயா, அம்மா,

போன வாரம் ஊராட்சி அலுவலகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மொத்தம் நாலு வரி. குடிநீர்க் கட்டண நிலுவை கூடிவிட்டதால் கடைசிக் கிளைக் குழாயில் உள்ள ஏழு குக்கிராமங்களுக்கு இனி மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடப்படும், நிலுவை தீர்ந்த பிறகு பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. கையெழுத்து இருந்தது, பெயர் இல்லை. விவரம் கேட்க ஒரு போன் நம்பர்கூட இல்லை.

அந்த ஏழில் ஒன்று என் ஊர். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோரம். இருபத்தொன்பது வருடம் ஊராட்சி எழுத்தராக இருந்து, கடைசியில் ஊராட்சிச் செயலர் என்று பெயரை மாற்றிக் கொடுத்த பிறகு ஓய்வு பெற்றவன் நான். ‘நிலுவை’ என்ற சொல்லை என் கையாலேயே ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்னென்ன ஒளிந்துகொள்ளும் என்று தெரிந்தவன். அதனால்தான் தாளைப் படித்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போக முடியவில்லை.

எந்த ஊராட்சி, எந்த அலுவலகம் என்று இதில் எழுதப் போவதில்லை. எழுதினால் முதல் விளக்கக் கடிதம் எங்கள் டேங்க் ஆபரேட்டருக்குத்தான் வரும். அவருக்கே இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. எந்தக் கிளைக் குழாய் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஊரின் கடற்கரைப் பக்கம் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதை நம்பி இருப்பவர்கள் 540 பேர். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த, கிராமத்தில் வீட்டுக்கு வீடு குழாய் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. 540ஐ 55ஆல் பெருக்கினால் 29,700. தினம் ஒரு தொட்டி நிரம்பினால் கணக்கு நேர். தொட்டியின் அளவைத் தீர்மானித்தவர் கணக்கில் கெட்டிக்காரர், அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மே மாதம் முழுக்க ஆபரேட்டரும் நானும் ஒரு நாற்பது பக்க நோட்டில் வரவைக் குறித்தோம். தொட்டியின் பக்கவாட்டில் அளவுப் பலகை இருக்கிறது. ஆனால் மிதவையின் கயிறு அறுந்து வருடக்கணக்காகிறது. ஆகவே அவர் ஏணியில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்து ‘கால்’, ‘அரை’ என்று மேலிருந்து கத்துவார், நான் கீழே நின்று எழுதுவேன். தொட்டிக்கு ஏறும் அளவுக்குக்கூட அழுத்தம் இல்லாத இரவுகளில் பைபாஸ் வால்வைத் திறந்து நேராகத் தெருக் குழாய்க்கு விட்டுவிடுவார். அந்த இரவுகளுக்கு அளவு தெரியாது என்பதால், உங்களுக்குச் சாதகமாகவே அரைத் தொட்டி என்று போட்டுக்கொண்டோம். காலும் அரையுமாக எல்லாவற்றையும் கூட்டினால் 31 நாளில் ஒன்பது தொட்டி. 2,70,000 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 16 லிட்டர்.

அதே மாதத்துக்கு அதே தொட்டிக்கு வந்த பில்லில் 920 கிலோ லிட்டர், அதாவது 9,20,000 லிட்டர் என்று இருந்தது.

அந்த 920 எங்கிருந்து வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு புரிந்தது. 29,700ஐ 31ஆல் பெருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆள் எண்ணிக்கை, நாள் எண்ணிக்கை, பெருக்கல் வாய்பாடு. வந்த தண்ணீர் அந்தக் கணக்குக்குள் எந்த இடத்திலும் இல்லை. தொட்டியின் காலடியில் மீட்டருக்கென்று கட்டிய சிமெண்ட் பெட்டி ஒன்று உண்டு. மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு ஓணான் இருக்கிறது. மீட்டர் இல்லை.

வராத 650 கிலோ லிட்டருக்கும் சேர்த்து மாதாமாதம் பில் போட்டு, ஊராட்சியால் கட்ட முடியாமல் போனதும் அதற்கு நிலுவை என்று பெயர் வைத்து, அந்த நிலுவையைக் காரணம் காட்டி வருகிற 270ஐயும் குறைப்பது எந்த ஊர் நியாயம்? கடுமையாக எழுதுகிறேன் என்று நினைத்தால் மன்னிக்கவும். மளிகைக் கடைக்காரர் மூன்று கிலோ அரிசிக்குக் காசு எழுதி ஒரு கிலோ கொடுத்தால் எங்கள் தெருவில் யாரும் மடல் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நீங்கள் ஒருமுறை அந்தத் தெருவுக்கு இரவில் வர வேண்டும். பகலில் வந்தால் குழாய் மட்டும்தான் தெரியும். தண்ணீர் வருவது இரண்டரை மணிக்கு மேல். மேலே இருக்கிற ஊர்களெல்லாம் பிடித்து முடித்துத் தூங்கிய பிறகு. முதலில் குழாய் இருமும். காற்று வரும். பிறகு துரு நிறத்தில் கொஞ்சம். பிறகுதான் தண்ணீர், சுண்டுவிரல் கனத்துக்கு. இரண்டடி உயரத்தில் வைத்த குழாய்க்கு ஏறாது என்பதால் அதைக் கழற்றிவிட்டு, முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, பள்ளத்தின் அடியில் குழாயைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். ஒருவர் பள்ளத்துக்குள் குந்தியிருந்து சொம்பால் பிடித்து ஊற்ற, இன்னொருவர் மேலே நின்று குடத்தை வாங்க வேண்டும். ஒரு குடம் நிரம்பப் பத்து நிமிடம். வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை, குடங்கள் நிற்கும். பச்சைக் குடம் யாருடையது, வாயில் துணி கட்டிய குடம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

தெற்குத் தெரு ஆச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது. பள்ளத்துக்குள் இறங்க முடியாது. பேத்தியை எழுப்பி அழைத்து வருவார். அந்தப் பெண் பத்தாவது படிக்கிறாள். குடத்தின்மேல் தலை சாய்த்துத் தூங்குவதை நானே பார்த்திருக்கிறேன். கதவில் ஒட்டிய தாளை ஆச்சிக்கு நான்தான் படித்துக் காட்டினேன். “காசு கட்டலன்னு தண்ணிய நிறுத்துறாங்களாக்கும். தண்ணி வரலன்னுதான தம்பி நாம காச நிறுத்துனோம், அத யாரு எழுதுனா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தில் சாக்கடையும் மழைத் தண்ணீரும் நிற்கும். குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் அந்த அழுக்கைத்தான் குழாய் உள்ளே இழுக்கும். இதற்கு இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை, வாயால் உறிஞ்சி டியூபில் டீசல் எடுத்தவருக்குக்கூடத் தெரியும். குழாயின் கடைசியிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது தரநிர்ணயம். ஊராட்சியில் கொடுத்த சோதனைக் குப்பியில் எங்கள் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தோம். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும். குப்பி கண்ணாடி மாதிரி தெளிவாக நின்றது. தினம் கொஞ்சமாவது ஓடுகிற குழாயிலேயே இந்த நிலை. இரண்டு நாள் காலியாகக் கிடந்து மூன்றாவது நாள் திறக்கிற குழாயில் என்ன வரும் என்று அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் யோசித்தாரா?

இந்த டெல்டாவில் கடைமடை என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டாம். ஜூன் 12 அன்று மேட்டூரில் திறந்தார்களா, கல்லணைக்கு எப்போது வரும், கடைமடைக்கு எப்போது எட்டும் என்பதைக் கைக்குழந்தைகூடக் காதில் வாங்கிக்கொண்டு வளரும் ஊர் இது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். இத்தனை நாள் இந்த மதகு, இத்தனை நாள் அந்த மதகு. வாய்க்காலைக் கவனிக்கும் லஸ்கர் வந்து ஷட்டரை இறக்கிவிட்டுப் போவார். மீறித் தூக்கினால் சண்டை வரும், பஞ்சாயத்து வரும். மாதம் ஒருமுறை ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும். கடைமடைக்காரர் பச்சைத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து கேட்பார். பதில் கிடைக்கிறதோ இல்லையோ, கேட்க ஒரு மைக் உண்டு.

குடிநீருக்கும் கடைமடை உண்டு. ஆனால் அந்த மைக் இல்லை. எங்கள் தண்ணீர் கொள்ளிடத்து மணலில் புறப்பட்டு, ஏற்றி இறக்கி, எத்தனையோ ஊர்த் தொட்டிகளைத் தாண்டி வருகிறது. வழியில் இருக்கும் தொட்டிகள் பலவற்றில் ஃப்ளோட் வால்வு இல்லை. நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும். அடியில் சேம்பும் வாழையும் செழித்து நிற்பதைப் பஸ்ஸில் போகும்போது பார்க்கலாம். சில இடங்களில் மெயின் லைனிலேயே அரை எச்பி மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். தலைமடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் பிள்ளை குட்டி உண்டு, தண்ணீர் இருக்கும்போது பிடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். முறை வைக்க வேண்டியவர் முறை வைக்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

இனி பணம். இதில்தான் என் தலைமுடி நரைத்தது.

ஊராட்சிக்கு வங்கியில் பல கணக்குகள். இரண்டாம் எண் கணக்கு மின் கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் என்றே ஒதுக்கியது. மாநில நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி அதில் விழும், விழுந்த சூடு ஆறுவதற்குள் வெளியே போய்விடும். தலைவர் கேட்டாலும் நிறுத்த முடியாது, எழுத்தர் கேட்டாலும் நிறுத்த முடியாது. அதாவது, நிலுவை என்று நீங்கள் சொல்வது நாங்கள் மடியில் முடிந்து வைத்திருக்கும் பணம் கிடையாது. மேலிருந்து வந்து, எங்கள் கையில் படாமல் மேலேயே திரும்பிப் போகிற பணத்தில் விழுந்த துண்டு.

துண்டு ஏன் விழுந்தது? ஊரக உள்ளாட்சியின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். நடுவில் மூன்று வருடத்துக்கு மேல், தலைவருக்குப் பதிலாக அரசு போட்ட தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று சொல்லி மத்திய நிதிக்குழு மானியத்தை டெல்லி நிறுத்தி வைத்தது. தேர்தல் நடத்தாதது ஆச்சியா? 2019இல் வந்த மன்றத்தின் காலமும் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. மறுபடி தனி அலுவலர். தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம், எங்களுக்கு வாய்த்தவர் நல்லவர்தான். ஆனால் அவர் கையில் எத்தனையோ ஊராட்சிகள். ஆச்சியின் பள்ளத்தை அவர் எப்போது பார்ப்பது? 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குமான ஊரக மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டி வைத்தது. அந்த மானியம் வரவும் முறையாகத் தேர்ந்தெடுத்த மன்றம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தேர்தல் தள்ளிப்போனால் மானியம் தள்ளிப்போகும், மானியம் தள்ளிப்போனால் நிலுவை ஏறும், நிலுவை ஏறினால் ஆச்சியின் குடம் காலி. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட எங்கள் தெருவில் இல்லை.

தனி அலுவலர் காலம் எப்படி இருக்கும் என்பதை நான் கஜாவில் பார்த்தேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை புயல் கரையேறியது. மின்கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. கொள்ளிடத்திலிருந்து வரும் பம்பிங்கும் நின்றது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர 26 நாள் ஆனது. தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை, தீர்மானம் போட ஆள் இல்லை. பந்தல்காரரிடமிருந்து கல்யாண ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, குளத்தடியில் இருந்த போரை ஓட்டித் தொட்டியை நிரப்பினோம். லேசாக உப்புக் கரிக்கிற தண்ணீர்தான், ஆனாலும் தண்ணீர். வாடகையும் டீசலும் 38,000 ரூபாய். என் மனைவியின் செயின் அடகுக் கடைக்குப் போனது. அந்த வவுச்சர்களுக்கு ஒப்புதல் வாங்க எனக்குப் பதினாலு மாதம் ஆனது. ‘யார் அனுமதியில் செலவு செய்தீர்கள்’ என்ற கேள்விக்கு மூன்று முறை எழுத்தில் பதில் கொடுத்தேன். செயின் திரும்பி வந்துவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை.

கட்டுவதற்குப் பணம் கொடுக்க எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள், கல்வெட்டும் திறப்பு விழாவும் இருப்பதால். ஓட்டுவதற்குப் பணம் கேட்டால் அறை காலியாகிவிடும். ஜல் ஜீவனில் எங்கள் தெருவுக்கும் நீலக் குழாய் வந்தது. வீட்டு வாசலில் குழாய் நட்டு, ஆதார் நகல் வாங்கி, குழாயோடு நிற்க வைத்து போட்டோ எடுத்தார்கள். ஊருக்குள் போடும் கட்டமைப்பில் பத்து சதவீதம் மக்கள் பங்கு என்பது அந்தத் திட்டத்தின் விதி. கூலி வேலைக்குப் போகிறவர்களிடமும் கெஞ்சி வாங்கினோம். குழாய் வந்து, போட்டோவும் வந்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது தண்ணீர். 2025 பட்ஜெட்டில் திட்டத்தை 2028 வரை நீட்டித்தபோது இனிப் பராமரிப்பில் கவனம், மக்கள் பங்கேற்பு என்று சொன்னார்கள். அந்தப் பங்கேற்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்த மடல்.

தண்ணீர் விஷயத்தில் செலவு எங்கே போகிறது என்பதை மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மைத்துனர் ஒரு பேப்பரில் போட்டுக் காட்டினார். ஆயிரம் லிட்டரை நூறு மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தில் தள்ள, பம்பின் திறன் 65 சதவீதம் என்றால், 0.42 யூனிட் மின்சாரம் வேண்டும். டெல்டா தட்டை நிலம், மலை ஏற வேண்டியதில்லை. ஆனால் நீளக் குழாயின் உராய்வே ஒரு மலைக்குச் சமம் என்றார். புறப்பட்டதில் கால்வாசி வழியில் ஒழுகிவிட்டால், வந்து சேரும் ஒவ்வொரு லிட்டரின் பம்பிங் செலவும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஒழுகிய தண்ணீரையும் கரண்ட் செலவழித்துத்தானே அனுப்பினீர்கள்? எங்கே எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரிய வேண்டுமானால் புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் மீட்டர் வேண்டும். சேரும் இடத்தில் ஓணான் இருக்கும்வரை உங்களுக்கே உங்கள் நஷ்டம் தெரியப் போவதில்லை.

இலவசமாகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊராட்சியில் வீட்டுக் குழாய்க்கு மாதம் 50 ரூபாய். அதையே பலர் கட்டவில்லை என்பது உண்மை, வசூலுக்குப் போய் வாசலில் நின்று பேச்சு வாங்கியவன் நான். ஆனால் அதே வீடுகளில் 20 லிட்டர் கேன் 35 ரூபாய்க்கு இறங்குகிறது. ஆயிரம் லிட்டருக்கு 1,750 ரூபாய் ஆகிறது. இரண்டு நாளைக்கு ஒரு கேன் என்றாலும் மாதம் 525 ரூபாய். இங்கே போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, சோறு மஞ்சளாகிக் காய்ந்த மாதிரி வரும். வேறு வழியில்லாமல் வாங்குகிறார்கள். 525 கொடுக்கிற வீடு 50 கொடுக்க மறுக்கிறது என்றால் அது ஏழ்மையாலோ திமிராலோ இல்லை. கேன்காரர் காசுக்கு அளந்து இறக்குகிறார், நாம் அப்படிச் செய்வதில்லை. ஒழுங்காக வந்தால் நூறு ரூபாய் கட்டுகிறோம் என்று மகளிர் குழுவில் பேசியவர்களை எனக்குத் தெரியும். முதியோர் உதவித்தொகையில் ஜீவனம் நடத்துகிறவர்களை விட்டுவிடுங்கள், மற்றவர்களிடம் உயர்த்தி வாங்குங்கள். அளந்த பிறகு.

யாரிடம் போய் இதைப் பேசுவது? 1992இல் அரசியல் சட்டத்தை 73ஆவது முறை திருத்தி, ஊராட்சிக்கு உரிய வேலைகள் என்று பதினோராம் அட்டவணையில் பட்டியல் போட்டபோது அதில் குடிநீரும் இருந்தது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. கிராம சபையை வருடத்துக்கு ஆறு முறை நடத்துவது என்று 2022இல் ஆக்கினார்கள். அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அந்த மார்ச் 22 கிராம சபைகளில் நாங்கள் போட்ட தீர்மானங்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: கடைசித் தொட்டிக்கு மீட்டர் பொருத்தக் கோருவது. ஊராட்சி ஒன்றியத்துக்கு அனுப்பினால் திட்ட அலுவலகத்தைக் கேட்கச் சொல்வார்கள். திட்ட அலுவலகம் போனால் ‘உள்ளூர் விநியோகம் ஊராட்சியின் பொறுப்பு’ என்பார்கள். தண்ணீரை ஏற்றுகிறவர் ஒருவர், பில் போடுகிறவர் ஒருவர், மானியத்தைப் பிடிக்கிறவர் ஒருவர், திட்டு வாங்குகிறவர் ஏணியில் நிற்கும் ஆபரேட்டர்.

சென்னைக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிக் குடிநீர் வாரியம் இருக்கிறது. குடிநீர் வரி அதன் பெயரிலேயே வசூலாகிறது. தண்ணீர் வரவில்லை என்றால் யார் வாசலில் குடத்தோடு உட்கார வேண்டும் என்று சென்னைக்காரருக்குத் தெரியும். அந்த நகரத்துக்கு 2004 முதல் வீராணத்திலிருந்து நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் போக 235 கிலோமீட்டர் குழாய் போட்டார்கள். வீராணத்துக்குத் தண்ணீர் வருவது கீழணையிலிருந்து, கொள்ளிடத்துத் தண்ணீர்தான். போகட்டும், தாகத்துக்கு ஊர் பேதம் கிடையாது. 235 கிலோமீட்டர் தாண்டி ஒழுங்காகக் கொண்டுபோகத் தெரிந்த நாட்டில், அதே ஆற்றின் கடைசியில் இருக்கும் எங்களுக்கு ஒரு மீட்டர் வைக்க முடியாதா என்பது மட்டும்தான் கேள்வி.

இன்னொன்றும் உறுத்துகிறது. காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கான நீரை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைத்த 14.75இல் 10 டிஎம்சிக்குச் சொன்ன காரணம், தமிழ்நாட்டுப் பகுதியில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது. மீதி 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. எங்கள் தெருவில் முப்பது அடி போட்டாலும் உப்பு, இருநூறு அடி போட்டாலும் உப்பு. கணக்குப் புத்தகத்தில் இருக்கும் தண்ணீர் குடத்தில் இருக்காது என்பதை நாங்கள் அப்போதே ஒருமுறை பார்த்துவிட்டோம்.

கொள்ளிடத்து மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஓடாத மாதத்திலும் நமக்குத் தண்ணீர் கிடைக்கக் காரணம் அந்த மணல். வெள்ளத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, வடிகட்டி, உள்ளே புதைத்த கிணறுகளுக்கு மெல்லக் கசியவிடுகிறது. மணல் இறங்கினால் தண்ணீர் மட்டமும் இறங்கும், கிணறுகள் குச்சியில் நிற்கும் குடிசை மாதிரி வெளியே தெரியும். குடிநீர்க் கிணறுகளைச் சுற்றி 500 மீட்டருக்குள் மணல் அள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் மணலைக் காக்கும் செலவு எந்தத் திட்டத்தின் வரவு செலவிலும் ஒரு வரியாக இருப்பதாக நான் பார்த்ததில்லை. மோட்டாருக்கு எண்ணெய் போடுவது பராமரிப்பு என்றால் இதுவும் பராமரிப்புதான்.

ஆகவே கேட்கிறேன். முதலாவதாக, கதவில் ஒட்டிய அந்தத் தாளைத் திரும்பப் பெறுங்கள். கட்டண பாக்கிக்காகக் குடிநீரை நிறுத்துவதோ குறைப்பதோ கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். பாக்கியை வசூலிக்க வேறு ஆயிரம் வழி உண்டு.

இரண்டு மாதத்துக்குள் கிளைக் குழாயின் ஒவ்வொரு தொட்டியின் வாயிலும் மீட்டர் வையுங்கள், கடைசித் தொட்டியிலிருந்து தொடங்கி. மீட்டர் வரும்வரை ஆபரேட்டரின் நோட்டை அளவாக ஏற்றுக்கொள்ளுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் ஆள் ஒருவர் ஏணியில் ஏறட்டும். பழைய நிலுவையை வந்த தண்ணீரின் அளவுக்குத் திருத்தி எழுதுங்கள். திருத்திய பிறகு மிஞ்சுவதைத் தவணையாகக் கட்டச் சொல்லி ஊரிடம் பேச நானே வருகிறேன். வழியில் இருக்கும் தொட்டிகளுக்கு ஃப்ளோட் வால்வு போடுங்கள், மெயின் லைனில் மாட்டிய மோட்டார்களைக் கழற்றுங்கள், தண்ணீர் குறையும் மாதங்களில் வாய்க்காலுக்கு வைக்கிற மாதிரி முறை வைத்து, எந்த நாள் எந்த ஊர் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள்.

திட்டத்தில் தண்ணீர் வாங்கும் எல்லா ஊராட்சிகளும் உட்காரும் ஒரு மன்றம் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு நாற்காலி கடைமடை ஊர்களுக்கு, பாதி பெண்களுக்கு. குடம் தூக்குகிறவர் அந்த அறையில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூடட்டும். எவ்வளவு ஏற்றினோம், எவ்வளவு சேர்ந்தது, கரண்டுக்கு எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு, ரிப்பேருக்கு எவ்வளவு என்ற ஐந்து எண்களைத் தமிழில் எழுதி ஒவ்வொரு ஊராட்சிப் பலகையிலும் ஒட்டட்டும். கட்டணத்தை உயர்த்துவதென்றால் அந்த மன்றம் உயர்த்தட்டும், அதன் பேச்சுக்கு ஊர் கட்டுப்படும். வசூலாவதில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போட்டு, வேறு எதற்கும் தொடக் கூடாது என்று பூட்டுங்கள். புயலடித்தால் ஜெனரேட்டருக்கு எடுக்க அந்தக் கணக்கில் யார் கையெழுத்துப் போடலாம் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். கொள்ளிடத்துக் கிணறுகளைச் சுற்றி 500 மீட்டருக்குக் கல் நட்டு, காவலுக்கு ஆள் போடும் செலவும் அதில் சேரட்டும். ஆபரேட்டர்களின் சம்பள பாக்கியை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். உள்ளாட்சித் தேர்தல் உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். அது யார் கையில் இருக்கிறதோ அவருக்கு, தேர்தல் தள்ளிப்போவதால் எந்தெந்தத் தொட்டிக்கு எவ்வளவு மானியம் நின்றது என்று நீங்கள் ஒரு குறிப்பு அனுப்பலாம். அதை இதுவரை யாரும் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை.

மே மாத நோட்டு என் வீட்டில் இருக்கிறது. மூன்று பிரதி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். வாங்கிப்போக வருகிறவர் இரவு இரண்டரை மணிக்கு வரட்டும், நான் விழித்துத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
கடைசித் தொட்டியின் கீழ் வசிக்கும் ஓய்வு பெற்ற ஊராட்சிச் செயலர்